பொதிகைக் குரங்குகளும் மனிதரின் நிறக்கோல்களும்

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையிலே குரங்குகளுக்குக் குறைவில்லை. பாபநாசத்திற்கு நீராடச் செல்வோரின் கையிலுள்ள பழத்தைப் பறித்துக்கொண்டு மரமேறும் நாட்டுக் குரங்கை அறியாதார் நெல்லை நாட்டில் இலர். ஆனால், அம்மலையில் வாழ்வது அந்த ஓர் இனம் மட்டுமன்று. பாபநாசத்திற்கு மேலே தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் முண்டந்துறைக் காடு, அதற்குத் தெற்கே அமைந்த களக்காட்டு மலைச்சோலைகள் ஆகிய இவ்விரண்டிலும் சேர்த்து ஐந்து இனங்கள் வாழ்கின்றன. ஒரே மலையில் ஐந்தையும் காண்பது தென்னாட்டிலேயே அரிது.

அவை யாவை? நாட்டுக் குரங்கு ஒன்று. உடல் முழுதும் கருநிறமும், முகத்தைச் சுற்றிச் சிங்கத்தின் பிடரி போன்ற வெளிறிய மயிரும், வால் நுனியில் குஞ்சமும் உடைய சிங்கவால் குரங்கு மற்றொன்று; இதனைச் சோலைமந்தி என்றும் சொல்வர். கரிய உடலும் பழுப்புத் தலையும் நீண்ட வாலும் கொண்டு, பெரும்பாலும் இலையையே உண்டு வாழும் கருமந்தி மூன்றாவது. காய்ந்த காடுகளில் கூட்டமாகத் திரியும் சாம்பல் மந்தி நான்காவது. ஐந்தாவது, இரவில் மட்டும் வெளிவரும் தேவாங்கு. பெருவிழியும் மெலிந்த கைகால்களும் கொண்ட அந்தச் சிறு பிராணியைக் குரங்கின் உறவென்று முதற்பார்வையில் எவரும் சொல்லமாட்டார்.

நம் முன்னோர் இவ்வேறுபாடுகளைக் கவனியாதவர் அல்லர். தொல்காப்பியத்தின் மரபியல், குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றைத் தனித்தனியே பெயர் சொல்கிறது. அங்ஙனம் சொல்லிவிட்டு, அம்மூன்றன் பெண்ணுக்கும் மந்தி என்ற ஒரே பெயரை வழங்குகிறது. வேற்றுமை கண்டு மூன்று பெயர் இட்டவர்கள், ஒற்றுமை கண்டு ஒரு பெயரும் இட்டார்கள். உருவத்தையும் நடையையும் பார்த்து அவர்கள் செய்த அந்த வேலையை, இன்றைய விஞ்ஞானிகள் உயிரணுவுக்குள் நுழைந்து செய்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் குரங்குகளோடு ஒரு வரிசையில் மனிதனையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். அதைப் பற்றியே இன்று நேயர்களோடு சிறிது பேச எண்ணுகிறேன்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில், அதன் உட்கருவில் நூல் போன்ற சில பொருள்கள் சுருண்டு தடித்துக் கோல்களைப்போல் தோன்றும். சாயம் இட்டால் அவை நிறத்தை நன்கு பற்றிக்கொள்ளும். அதனாலேயே 1888ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வால்டெயர், நிறவுடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அவற்றிற்குக் குரோமோசோம் என்று பெயரிட்டார். தமிழில் நிறக்கோல் என்பர். பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஜீன்கள் இக்கோல்களிலேதான் வரிசையாக அமைந்துள்ளன. கோல்கள் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்று தாயினது, ஒன்று தந்தையினது.

மனிதனுக்கு எத்தனை நிறக்கோல்கள்? எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கலாம். அங்ஙனம் எண்ணுவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1920களில் அமெரிக்க அறிஞர் பெயின்டர் 48 என்று எழுதினார். கோல்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும் அந்தக் காலத்துத் தயாரிப்புகளில் எண்ணுவது எளிதன்று. ஆகவே அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களும் முப்பதாண்டுக் காலம் 48 என்றே எண்ணினார்கள். 1952இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த டி. சி. ஷூ என்பவரின் ஆய்வுக்கூடத்தில், உயிரணுக்களைக் கழுவும் உப்புக் கரைசல் தவறுதலாக நீர்த்துப் போய்விட்டது. நீர்த்த கரைசலில் உயிரணுக்கள் ஊதிப் பருத்தன. கோல்கள் ஒன்றையொன்று விட்டு அழகாக விலகி நின்றன. எண்ணுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. ஆயினும் அவரும் 48 என்றே எழுதினார்! கண் எதைக் காண வேண்டும் என்பதை மனம் முன்னரே முடிவு செய்துவிட்டது போலும்.

1955ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், சுவீடனில் உள்ள லண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த சீன மரபினரான ஜோ ஹின் ஜியோ எண்ணிப் பார்த்தபோது 46 வந்தது. மீண்டும் மீண்டும் எண்ணினார், 46தான். அவரும் லெவான் என்ற சுவீடன் அறிஞரும் அதனை 1956இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் வேறு இருவர் அதனை உறுதி செய்தனர்.

ஜியோவுக்கு உதவிய மருந்து ஒன்று உண்டு. உயிரணு பிரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே அதனை நிறுத்தி வைத்துக் கோல்களைக் காட்டும் கோல்ச்சிசின் என்பது அது. அப்பொருள் நமக்கு அயலானதன்று. நம் வேலிகளில் படர்ந்து, தீக்கொழுந்து போலப் பூக்கும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அஃது உள்ளது. கண்வலிக்கிழங்கு என்று கிராமத்தார் அஞ்சி விலகும் அந்தச் செடியின் நஞ்சே கோல்ச்சிசின்தான். தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்கும் அக்கொடி, அதன் விதைக்காக இன்று கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் பகுதியிலும் பயிரிடப்படுகிறது.

இனிக் குரங்குகளுக்கு வருவோம். சில துளி இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை உடற்சூட்டில் மூன்று நாள் வளர்த்து, கோல்ச்சிசினால் நிறுத்தி, நீர்த்த கரைசலில் ஊதச்செய்து, கண்ணாடித் தகட்டில் சொட்டினால் கோல்களைக் காணலாம். இம்முறையில் உலகின் குரங்குகள் பலவும் எண்ணப்பட்டுவிட்டன. நம் நாட்டுக் குரங்குக்கு 42. சிங்கவால் குரங்குக்கும் 42. கருமந்திக்கு 44, சாம்பல் மந்திக்கும் 44. தேவாங்குக்கு 62. வாலில்லாக் குரங்குகளாகிய சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48. அசாம் காடுகளில் வாழும் ஊலக் என்னும் கிப்பனுக்கு 38.

இவ்வெண்களைக் கேட்டவுடன் எவரும் ஓர் அவசர முடிவுக்கு வரக்கூடும். மந்திக்கு 44, மனிதனுக்கு 46, சிம்பன்சிக்கு 48. ஆகவே மனிதன் மந்திக்கும் சிம்பன்சிக்கும் இடையே நிற்பவன் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அப்படிச் சொல்ல விரும்புவோர் முண்டந்துறைக் காட்டிலேயே திரியும் கேளையாட்டை ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும். இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 நிறக்கோல்கள், ஆணுக்கு 7. பாலூட்டிகளிலே இதனினும் குறைந்த எண் கண்டதில்லை. அதன் நெருங்கிய உறவாகிய சீனக் கேளையாட்டிற்கோ 46! 1970ஆம் ஆண்டில் இச்செய்தி வெளிவந்தபோது அறிஞர்கள் திகைத்தே போனார்கள். கிட்டிய உறவுகள் எண்ணில் விலகி நிற்கும். சீனத்து மானும் மனிதனும் எண்ணில் ஒத்து நிற்பார்கள். ஆதலால் எண் மட்டும் உறவைக் காட்டாது. கோலில் எழுதப்பட்டிருப்பது என்ன என்றே பார்க்க வேண்டும்.

அந்த எழுத்தைப் படிக்கும் வழி 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தது. தக்க முறையில் பதப்படுத்திச் சாயம் ஏற்றினால், ஒவ்வொரு கோலின் குறுக்கேயும் கருமையும் வெண்மையுமான பட்டைகள் தோன்றும். பத்தமடைப் பாயிலே நெசவாளர் இடும் வரிகளைப் போல, ஒவ்வொரு கோலுக்கும் ஒரு தனி வரியமைப்பு உண்டு. மனிதக் கோல் ஒன்றையும் சிம்பன்சியின் கோல் ஒன்றையும் பக்கத்தில் பக்கம் வைத்து, வரிக்கு வரி ஒத்துப் பார்க்கலாம். யூனிஸ், பிரகாஷ் என்ற இருவர் அமெரிக்காவில் மின்னிசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இவ்வேலையை மிக நுண்மையாகச் செய்து 1982இல் வெளியிட்டனர். மனிதனின் 23 இரட்டைகளில் 18 இரட்டைகள், மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதையின் கோல்களோடு ஏறக்குறைய ஒன்றாகவே உள்ளன என்பது அவர்கள் கண்ட முடிவு.

இங்கே நேயர்களுக்கு ஏட்டுச் சுவடியை நினைவூட்ட விரும்புகிறேன். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடுகளைத் தேடி நெல்லைக்கும், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கும் வந்த வரலாறு நாம் அறிந்ததே. பல ஊர்களில் கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பவர் என்ன செய்கிறார்? இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று கொள்கிறார். இரண்டிலும் பாடம் சரியாக இருப்பது அங்ஙனம் உறவைக் காட்டாது. ஏனெனில் சரியான பாடம் எல்லா ஏட்டிற்கும் பொதுவான பழைய சொத்து. புதிதாகப் புகுந்த மாற்றமே கிளையைக் காட்டும். நிறக்கோல் ஆராய்ச்சியும் இதே நெறியில்தான் செல்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிவரும் கணக்கு எளிதில் விளங்கும்.

முதலில் 48க்கும் 46க்கும் உள்ள வேற்றுமையைப் பார்ப்போம். மனிதன் 48 உடையவன் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், வாலில்லாக் குரங்குகளோடு அவன் உறவு பற்றி இந்த வழியில் ஒரு கேள்வியும் எழவில்லை. 46 என்று தெரிந்த பின்னர்தான் சிக்கல் பிறந்தது. ஓர் இரட்டை எங்கே போயிற்று? ஜீன்கள் நிறைந்த ஓர் இரட்டை முழுதும் தொலைந்து போனால் எவ்வுயிரும் பிழைத்திராது. ஆகவே தொலையவில்லை; இரண்டு கோல்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். பட்டைகளை ஒப்பிட்டபோது இவ்வாறே தோன்றிற்று. மனிதனின் இரண்டாம் நிறக்கோல், சிம்பன்சியின் இரு சிறு கோல்களை முனையோடு முனை சேர்த்தாற்போல் இருந்தது.

ஆனால் தோற்றம் ஒன்று, சான்று ஒன்று. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குக்கும் பொது மூதாதை ஒருவர் உண்டு என்ற கொள்கை மெய்யாயின், அந்த ஒட்டின் தழும்பு இன்றும் இருக்க வேண்டும். இல்லையாயின் கொள்கைக்கு இழுக்கு. ஒவ்வொரு நிறக்கோலின் நுனியிலும், செருப்புக் கயிற்றின் முனையில் இடும் பூண் போல, டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்து மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கும். நுனியில் இருக்க வேண்டிய அவ்வெழுத்துகள் மனிதனின் இரண்டாம் கோலின் நடுப்பகுதியில் உள்ளனவா என்று தேடினார்கள். 1991இல் அவை கிடைத்தன. ஒரு வரிசை நேராகவும், அதனை எதிர்கொள்ளும் மற்றொரு வரிசை தலைகீழாகவும், இரண்டு முனைகள் முட்டிச் சேர்ந்த நிலை அப்படியே பதிந்திருந்தது. கோல் ஒவ்வொன்றுக்கும் பிரியும் வேளையில் இழைகள் பற்றிக்கொள்ளும் இடுப்பு ஒன்று உண்டு. ஒட்டிய கோலுக்கு இரண்டு இடுப்புகள் இருந்திருக்க வேண்டுமே? ஒன்று இன்றும் வேலை செய்கிறது. மற்றொன்று செயலிழந்து, அதன் எச்சம் மட்டும் அதே கோலில் கிடக்கிறது. கொள்கை பொய்யாகியிருக்கக்கூடிய ஓரிடத்திலே சோதித்துப் பார்த்துப் பெற்ற சான்று இஃது. ஆதலின் இதற்கு நான் மிகுந்த மதிப்பு அளிக்கிறேன்.

ஒட்டு மட்டுமன்றி, வேறு சில மாற்றங்களும் உண்டு. மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே ஒன்பது கோல்களில், நடுவிலுள்ள ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியுள்ளது. சுவடியின் நடுவே சில ஏடுகளை எடுத்துத் திருப்பிக் கோத்துவிட்டாற்போல என்க. ஏடுகள் அவையேதாம், வரிசைதான் மாறிற்று.

நாட்டுக் குரங்கின் 42 எப்படி வந்தது? இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. காகிதமும் எழுதுகோலும் வைத்திருப்போர் உடன் போட்டுப் பார்க்கலாம். 1990களில் வேறொரு முறை கைவந்தது. மனிதக் கோல் ஒன்றன் டி.என்.ஏ.வுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிக் குரங்கின் கோல்கள்மேல் இட்டால், ஒத்த பகுதி எங்கே உள்ளதோ அங்கே சென்று ஒட்டி ஒளிவிடும். நாட்டுக் குரங்கின் நெருங்கிய உறவாகிய வடநாட்டு ரீசஸ் குரங்கில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது. மனிதனுக்குப் பாலைத் தீர்மானிக்கும் இரட்டை போக, 22 இரட்டைகள் உண்டு. அவற்றுள் இரண்டாம் கோல் குரங்கில் இரண்டாகவே நிற்கிறது, ஆகவே 23. மனிதனில் தனித்தனியே நிற்கும் 7, 21 என்ற இரு கோல்கள் குரங்கில் ஒன்றாக உள்ளன. 14, 15 என்பன ஒன்றாக உள்ளன. 20, 22 என்பன ஒன்றாக உள்ளன. 23இல் மூன்று குறைந்தால் 20. பாலைத் தீர்மானிக்கும் இரட்டையைச் சேர்த்தால் 21 இரட்டை. அதாவது 42 கோல்கள். கணக்கு இம்மியும் பிசகவில்லை.

இதிலிருந்து மற்றொன்றும் தெளிவாகிறது. இரண்டாம் கோல் குரங்கிலும் இரண்டு. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானிலும் இரண்டு. மனிதனில் மட்டும் ஒன்று. ஆகவே இரண்டாக இருப்பதே பழைய நிலை; ஒட்டியது மனிதன் வழியில், சிம்பன்சியின் வழியைப் பிரிந்த பின்னர். அப்பிரிவு நிகழ்ந்தது ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று மதிப்பிடுகிறார்கள். நாட்டுக் குரங்கின் வழியும் நம் வழியும் பிரிந்ததோ இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன். "நாம் குரங்கிலிருந்து வந்தோமா?" என்று சிலர் ஏளனமாகக் கேட்பதுண்டு. பாபநாசம் படித்துறையில் அமர்ந்திருக்கும் குரங்கிலிருந்து நாம் வரவில்லை. அஃது எத்தனை காலமாக மாறி வந்துள்ளதோ அத்தனை காலமாக நாமும் மாறி வந்துள்ளோம். அது நமக்குப் பாட்டனன்று, தூரத்துப் பங்காளி.

14, 15 என்பவற்றின் வரலாறு நேர்மாறானது. இங்கே ஒட்டியது குரங்கு என்று எண்ணத் தோன்றும். மடகாஸ்கர் தீவின் லெமூர்களிலும், குரங்கினத்தைச் சேராத வேறு பாலூட்டிகளிலும்கூட அவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆகையால் ஒன்றாய் இருப்பதே பழைய பாடம். இரண்டாகப் பிரித்தவர்கள் வாலில்லாக் குரங்குகளின் மூதாதையர், அதாவது நம் மூதாதையரும்தான். இனி மந்திகளைப் பார்ப்போம். ஆராயப்பட்ட மந்தி இனங்களில் 14, 15 ஒன்றாகவே உள்ளன. 7 தனித்து நிற்கிறது. 22ஆம் கோலோ 20உடன் சேராமல் 21உடன் சேர்ந்திருக்கிறது. மீண்டும் கணக்கிடுங்கள்: 23இல் இரண்டு குறைந்தால் 21, பாலிரட்டையோடு 22, ஆக 44. இலையுண்ணும் மந்திகளின் கிளையும், கனியும் பூச்சியும் உண்டு கன்னப்பையில் நிரப்பிக்கொள்ளும் குரங்குகளின் கிளையும் பிரிந்த பிறகு, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒட்டுப் போட்டுக்கொண்டன என்பது இதனால் புலனாகிறது. மரபியல் ஆசிரியர் குரங்கையும் முசுவையும் வேறு வேறாக வைத்தது, நிறக்கோலுக்கும் ஒத்தே இருக்கிறது.

ஆனால் நிறக்கோல் எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிவிடாது. நாட்டுக் குரங்குக்கும் சிங்கவால் குரங்குக்கும் எண்ணும் ஒன்று, வரிகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் சிங்கவால் குரங்கின் நெருங்கிய உறவுகள் நம் நாட்டில் இல்லை; தென்கிழக்காசியாவின் பன்றிவால் குரங்குகளும் சுலவேசித் தீவின் குரங்குகளுமே அதன் சுற்றம். இதனை நிறக்கோல் காட்டாது, டி.என்.ஏ.வின் எழுத்தைப் படித்தே அறியவேண்டும். கருமந்தியின் கதையும் அத்தகையதே. அதனைத் தென்கிழக்காசிய மந்திகளோடு சேர்த்து ஒரு பேரினமாக நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பிரவீண் கரந்த் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கருமந்தி நம் சாம்பல் மந்திக்கே நெருங்கிய உறவு என்று காட்டிற்று. நிறக்கோல் இரண்டுக்கும் 44 என்றுதான் சொல்லிற்று, அதற்குமேல் சொல்லவில்லை.

நிறக்கோலின் பயன் வெறும் பழங்கதை அறிவதோடு நிற்பதுமன்று. தென் அமெரிக்காவில் இரவுக்குரங்கு என்ற ஒன்று உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் அவற்றைக் கூண்டுகளில் இணைத்து வளர்த்தபோது குட்டிகள் சரிவரப் பிறக்கவில்லை. எண்ணிப் பார்த்தால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நிறக்கோல்களின் எண்ணிக்கையே வேறாக இருந்தது. ஒரே இனம் என்று கருதியவை பல இனங்கள். அழிந்துவரும் விலங்கைக் கூண்டில் பெருக்க எண்ணுவோர்க்கு இஃது இன்றியமையாத செய்தி.

நம் மலையிலும் அழிவின் அச்சம் இல்லாமல் இல்லை. கருமந்தியின் ஊனில் மருத்துவக் குணம் உண்டென்ற நம்பிக்கையால், கருங்குரங்கு லேகியத்திற்காக அதனைச் சுட்டுக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. சிங்கவால் குரங்கோ மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. இன்று எஞ்சியிருப்பவை சில ஆயிரங்களே. ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு மரத்தில் கனியிருக்கும் அடர்ந்த சோலையே அதற்கு வீடு. சோலை நடுவே தேயிலையும் சாலையும் புகுந்தால், மரத்துக்கு மரம் தாவும் அவ்வுயிரின் கூட்டங்கள் தனித்தனித் தீவுகளில் அகப்பட்டவை போலாகின்றன. 1970களில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் நம் மலைப்பகுதியில் தங்கி இக்குரங்கை ஆராய்ந்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் களக்காட்டுச் சரணாலயம் இக்குரங்கை முன்னிட்டே அமைந்தது. 1962இல் அமைந்த முண்டந்துறைச் சரணாலயமும் அதுவும் சேர்ந்து 1988இல் புலிகள் காப்பகமாயின.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். டி.என்.ஏ.வைப் படிக்க இன்று விலங்கைப் பிடிக்கவும் வேண்டியதில்லை. காட்டில் உதிர்ந்து கிடக்கும் எச்சமும் மயிரும் போதும். அருங்காட்சியகத்தில் நூறாண்டாக உலர்ந்து கிடக்கும் தோலிலிருந்தும் அதனை எடுக்கலாம். நிறக்கோலைக் காண்பதற்கு அவை உதவா. பிரிந்து பெருகும் உயிரணு வேண்டும். அதற்கு இரத்தமோ திசுவோ உயிருள்ள விலங்கிலிருந்து வரவேண்டும். தேவாங்கின் 62ஐயும் சிங்கவால் குரங்கின் 42ஐயும் எண்ணியவர்கள் எல்லோரும் உயிரோடிருந்த ஒரு விலங்கிடம் சில துளி கடன் பெற்றே எண்ணினார்கள்.